எபிக்டெட்டஸின் விளக்கு

ரோமப் பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளைத் துரத்தியடித்தபோது, முன்னாள் அடிமையான எபிக்டெட்டஸ் கிரேக்கத்தின் நிக்கோபோலிஸ் நகரில் பள்ளி நடத்தப் போனார். நம் கையில் இல்லாததற்குக் கலங்காதே என்னும் ஸ்டோயிக் தத்துவத்தை அவர் உரசிப் பார்த்தது பெரும்பாலும் அன்றாட எரிச்சல்களில்தான். பொதுக் குளியல் கூடத்துக்குப் போகிறவன், அங்கே தண்ணீர் தெறிக்கும், இடிப்பார்கள், திட்டுவார்கள், சாமானும் களவுபோகும் என்று நினைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும் என்பார்.

ஒருநாள் அவர் வீட்டு இரும்பு விளக்கே களவுபோனது. விழித்திருப்பதில் திருடன் தன்னை மிஞ்சிவிட்டான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு விளக்குக்காகத் திருடன் என்ற பெயரை வாங்கிக்கொண்டானே, அது நஷ்ட வியாபாரம் என்பது அவர் கணக்கு. அடுத்து வந்தது மண்விளக்கு.

பிற்பாடு அந்த மண்விளக்கை ஒருவர் 3000 டிராக்மா கொடுத்து வாங்கினாராம்! அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் ஒட்டிக்கொள்ளும் என்ற ஆசை. 2ஆம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர் லூசியன் அந்த ஆளை விட்டுவைக்கவில்லை.