பெயரும் வடுவும் நம்பிக்கையும்: 'டோக்கியோ கூல்: ரீ' மங்காவின் வரலாற்றிடம்

முன்னுரை

ஜப்பானியச் சித்திரக்கதை வடிவமான மங்காவில், பாதி மனிதனாகவும் பாதி அரக்கனாகவும் வாழ நேர்ந்தவனின் கதைக்கு ஒரு மரபு உண்டு. சுயி இஷிடாவின் 'டோக்கியோ கூல்' (2011–2014), அதன் தொடர்ச்சியான 'டோக்கியோ கூல்: ரீ' (2014–2018) ஆகியன 'யங் ஜம்ப்' வார இதழில் வெளிவந்தன. 16 தொகுதிகளைக் கொண்ட இத்தொடர்ச்சி அம்மரபில் நிகழ்த்திய மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடிகள்

கோ நாகாயின் 'டெவில்மேன்' (1972–73) கதையில், அரக்கனோடு கலந்த இளைஞன் மனிதரைக் காக்க முயல்கிறான். அம்மனிதரே அச்சத்தால் வெறிகொண்டு அவன் அன்புக்குரியவளைக் கொல்கின்றனர், மனிதகுலமும் அழிகிறது. 1990-களின் முற்பகுதியில் வெளிவந்த ஹிதோஷி இவாகியின் 'கிசெய்ஜூ', ஓர் இளைஞனும் அவனது வலக்கையில் குடியேறிய ஒட்டுண்ணியும் இணங்கி வாழ்வதைச் சித்திரித்தது. முன்னதில் நம்பிக்கைக்கு இடமில்லை. பின்னதில் அது இருவர் உறவோடு நின்றுவிடுகிறது.

பெயரும் வடுவும்

கூல்கள் மனித ஊனையே உண்டு வாழ்பவர்கள். காப்பியை மட்டும் மனிதரைப்போலச் சுவைத்துப் பருக வல்லவர்கள். கூல் ஒருத்தியின் உறுப்பு பொருத்தப்பட்டதால் பாதிக் கூலாக மாறிய மாணவன் கென் கனேகிக்கு ஒரு காப்பிக்கடை புகலிடமாகிறது. பின்னர் அவன் சித்திரவதைக்குள்ளாக, தலைமுடி வெளுக்கிறது. தொடர்ச்சியில் அவன் நினைவிழந்து, கூல்களை வேட்டையாடும் அமைப்பிலேயே ஹைசே சசாகி என்னும் அதிகாரியாகப் பணிபுரிகிறான். 'ஹைசே' என்பதன் இரு கான்ஜி எழுத்துகளுள் ஒன்று 'காப்பி' என்னும் சொல்லில் இடம்பெறுவது. மற்றொன்று 'உலகம்' என்னும் பொருளுடையது. நினைவு அகன்றும் பெயர் அதன் தடத்தைச் சுமக்கிறது. பழைய நினைவு மீண்டால் இன்றைய தன்னிருப்பு அழியும் என்பதே ஹைசேயின் அச்சம். ஆகவே, இங்கு அடையாளச் சிக்கல் மனிதனா, கூலா என்பதோடு முடிவதில்லை. வடுவை மறந்து வாழ்வதா, ஏற்று வாழ்வதா என்பதாகவும் விரிகிறது.

நம்பிக்கையின் இடம்

கனேகியே பேருருக்கொண்டு நகரை அழித்த பின்னர்தான் இரு தரப்பும் ஒத்துழைக்கின்றன. துன்புற்றவன் துன்பம் விளைவித்தவனுமாகிறான் என்பதைக் கதை மறைக்கவில்லை. இறுதியில் வேட்டை அமைப்பின் இடத்தில் கூட்டமைப்பு ஒன்று தோன்றுகிறது. கூல்களுக்கெனச் செயற்கை உணவு உருவாக்கப்படுகிறது. இம்முடிவு எளிதில் எட்டப்பட்டதாகத் தோன்றலாம். ஆயினும், பகையின் வேர் பசி என்பதால், உணவில் தீர்வு தேடுவது கதையின் தருக்கத்திற்கு இயைந்ததே.

முடிவுரை

தனிமனித உறவில் நின்ற நம்பிக்கையைப் பொது ஏற்பாடாக விரித்தமையே இத்தொடர்ச்சியின் வரலாற்றுப் பங்களிப்பாகும். அந்நம்பிக்கை வடுவை அழிப்பதில்லை. வடுவோடு வாழ்வதற்கான இடத்தை உருவாக்குகிறது.