தலையடிக்கு மருந்து தேடிய நூற்றாண்டு

குத்துச்சண்டை மேடைகளைச் சுற்றிப் பிழைத்தவர்கள், ஆண்டுக்கணக்கில் அடிவாங்கி நடை தளர்ந்து நாக் குழறிய வீரர்களைக் 'குத்துப் போதை ஏறியவர்கள்' என்று கேலியாக அழைத்துவந்த காலத்தில், அந்நிலையை ஒரு நோயாக மருத்துவ ஏட்டில் பதிந்தவர் நியூஜெர்சியைச் சேர்ந்த பிண ஆய்வு மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் ஆவார். 1928-இல் வெளியான அவரது கட்டுரை, நடக்கும்போது ஒரு கால் மட்டும் அவ்வப்போது தொய்ந்து விழுவதைத் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாகக் குறித்தது. குத்துச்சண்டைக்காரருக்கே உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்ட இந்த மூளைச் சிதைவு, 2002-இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையிலும் இருந்ததைப் நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு கண்டறிந்து 2005-இல் வெளியிட்ட பின்னரே, மயக்கம்கூடத் தராத சிறு மோதல்கள் பல்லாயிரம் சேர்ந்தாலும் கேடுதானோ என்ற அச்சம் பரவியது.

அச்சம் பரவிய இடத்தில் வணிகமும் முளைத்தது. தலை மோதும்போது மண்டையோடு சட்டென நிற்க, உள்ளிருக்கும் மூளை தொடர்ந்து நகர்வதால் நரம்பிழைகள் இழுபடுகின்றன; உயிரணுக்களுக்குள் கால்சியம் புகுந்து, ஆற்றல் குன்றுகிறது. ஆற்றலை ஈடுகட்டக் கிரியேட்டின் உதவலாம், நரம்பணுச் சவ்வின் முக்கியக் கொழுப்பான டிஹெச்ஏ அதைக் காக்கலாம் என்ற ஊகங்கள் ஆய்வக எலிகளிடம் நல்ல பலன் காட்டின. 2016-இல் 81 கல்லூரி வீரர்களிடம் நடந்த ஆய்வொன்றில், டிஹெச்ஏ உட்கொண்டவர்களுக்கு, நரம்பிழை சிதையும்போது குருதியில் கசியும் புரதத்தின் உயர்வு மட்டுப்பட்டது. குருதியில் ஒரு புரதம் குறைவது வேறு, முதுமையில் நினைவு பிழைப்பது வேறு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

எலியில் வென்றது மனிதரிடம் தோற்கும் என்பதற்குச் சிட்டிகோலின் சான்று. மூளைச் சவ்வைச் சீராக்கும் என்று பல நாடுகளில் நம்பித் தரப்பட்ட அம்மருந்தை, தலையில் காயமுற்ற 1,213 பேரிடம், பாதிப்பேருக்குப் போலி மாத்திரை கொடுத்து, 90 நாள் சோதித்தபோது இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று 2012-இல் முடிவு வெளியானது.

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்காவில் ஊட்டச் சேர்க்கைப் பொருள்கள் பலன் தரும் என்று விற்பனைக்கு முன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இந்த வாசல் வழியே மீன் எண்ணெயும், நம் அஞ்சறைப் பெட்டியின் மஞ்சளும், மூளை அதிர்ச்சியை விரைந்து ஆற்றும் என்ற முத்திரையோடு புட்டியேறின. இவற்றை நம்பி வீரர்கள் ஆறுமுன்னே களமிறங்கும் ஆபத்தை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் எச்சரித்து, எச்சேர்க்கைப் பொருளுக்கும் அத்தகைய சான்று இல்லை என்றது. அடியின் எண்ணிக்கையைக் குறைப்பதே இதுவரை ஐயத்துக்கு இடமில்லாத காப்பு. அவ்வழியிலேயே, காலால் உதைத்தாடும் கால்பந்தை (சாக்கர்) நடத்தும் அமெரிக்கச் சம்மேளனம், 10 வயது வரையிலான சிறுவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாதென 2015-இல் அறிவித்தது.