மட்டாஞ்சேரியின் டச்சு ஆவணங்கள்: படமெடுத்தால் மட்டும் போதுமா?

கொச்சி: மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூத ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டை 1760-இல் எழுப்பியவர் எசேக்கியல் ரகாபி. டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் முதன்மை வணிகராக இருந்தவர் அவர். அக்காலத்து மிளகு வணிகத்தை ஆராய்வோர் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டியுள்ளது.

1663-இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், 1795-இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவர்களுடைய கொச்சி அலுவலகப் பதிவேடுகள் பின்னர் சென்னையை வந்தடைந்தன. சென்னை, கொழும்பு, ஜகார்த்தா, கேப் டவுன், தி ஹேக் ஆகிய நகரங்களில் எஞ்சியுள்ள இக்கம்பெனியின் ஆவணங்கள் ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள். 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இவை இடம்பெற்றன.

அக்காலத்தில் பயன்பட்ட இரும்பு உப்பு கலந்த மை, நாளடைவில் தாளையே அரித்துவிடும். எனவே மின்வடிவப் படி இன்றியமையாதது. ஆனால், படமெடுத்ததும் பணி முடிந்ததாகக் கருதுவது பெரும் பிழை. தாள் முந்நூறு ஆண்டுகள் தாங்கியது. கணினி வன்தட்டு பத்தாண்டு தாங்கினாலே வியப்பு. தாளில் கறை படிந்தால் கண்ணுக்குத் தெரியும். கோப்பு சிதைந்தாலோ, திறக்கும் நாள்வரை எவருக்கும் தெரியாது. இதற்காகவே காப்பகங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து வைத்து, குறித்த இடைவெளியில் ஒப்பிடுகின்றன. படிகளை வெவ்வேறு ஊர்களில் வைக்கின்றன. மென்பொருள் வழக்கொழியுமுன் கோப்புகளைப் புதிய வடிவங்களுக்கு மாற்றுகின்றன. நீண்டகாலப் பாதுகாப்புக்கென உருவான பிடிஎஃப்-ஏ வடிவம் 2005-இல் பன்னாட்டுத் தரநிலையானது. இந்தியாவில் இத்துறைக்கான சிறப்பு மையம் புணேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் செயல்படுகிறது.

கோப்பு பிழைத்திருப்பது ஒன்று, அதில் தேட இயல்வது வேறொன்று. கையெழுத்துப் பக்கத்தின் படத்தில் ஊர்ப்பெயரைக் கணினியால் தேட முடியாது. நெதர்லாந்தின் ‘குளோபலைஸ்’ திட்டம், இக்கம்பெனியின் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினி வாயிலாக எழுத்துவடிவாக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சும்: டச்சு எழுத்தர்கள் மலையாளப் பெயர்களைத் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். ஒரே ஊரின் பல எழுத்துக்கூட்டல்களை இணைக்கும் பெயர்ப்பட்டியல், உள்ளூர் மொழி அறிந்தோர் துணையின்றி நிறைவுறாது.

கணினியிலேயே பிறந்த ஆவணங்களுக்கும் இந்த இடர் உண்டு. யூனிகோடு பரவுமுன் மலையாளத்திலும் தமிழிலும் எழுத்துருவுக்கொரு குறியேற்றம் இருந்தது. உரிய எழுத்துரு இல்லாவிடில் அக்கோப்புகள் பொருளற்ற குறிகளாகவே தெரியும். பழைய செய்திக் கோப்பைத் திறந்த மொழிபெயர்ப்பாளர் எவரும் இதை அறிவர். தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடு, டேஸ்-16 ஆகியவற்றைத் தரநிலைகளாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகளை மாற்றும் மென்பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கோப்பு எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்ற குறிப்பு அதனுடன் இருந்தாக வேண்டும்.