நடுவர் நாற்காலி: ஹார்லம் அரங்குகளின் வரலாற்றில் ஓர் ஏடு

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் கேளிக்கை அரங்கைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று மூத்த உறுப்பினர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். பேச்சுப் போட்டியிலோ பாட்டுப் போட்டியிலோ மேடையேறிய நம் இளைஞர் ஒவ்வொருவரும், எதிரே நாற்காலியில் அமர்ந்து தாளில் மதிப்பெண் குறிக்கும் மனிதரைப் பார்த்து ஒருமுறையேனும் நெஞ்சம் நடுங்கியிருப்பர். அந்த நாற்காலியில் அமர்வோர் யார், அவரை அமர்த்தியவர் யார் என்னும் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அமெரிக்கக் கறுப்பின மக்களின் அரங்குகளில் தெளிவாகக் காணலாம்.

திரைப்படம் பேசக் கற்பதற்கு முன், அமெரிக்க நகரமெங்கும் 'வாடவில்' எனப்படும் பல்சுவை மேடை கோலோச்சியது. ஒரே மாலையில் எட்டு ஒன்பது நிகழ்ச்சிகள். பாட்டு, நடனம், கழைக்கூத்து, நகைச்சுவை, மாயவித்தை, பழக்கிய நாயின் விளையாட்டு என ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் பத்து இருபது நிமிடமே. மக்கள் வந்து அமரும் சந்தடியில் பேச்சில்லாத கழைக்கூத்து முதலில் இடம்பெறும். பெயர்பெற்ற கலைஞர் கடைசிக்கு முந்திய இடத்தில் வருவார். எந்த இடம் கிடைக்கிறது என்பதே அக்கலைஞரின் மதிப்பைச் சொல்லிவிடும்.

இம்மேடைகளைப் பெருவணிகமாக்கியவர்களில் தலையாயவர் பாஸ்டன் நகரில் 1883இல் தொழில் தொடங்கிய பெஞ்சமின் கீத் என்பவர். அவருடைய கூட்டாளி எட்வர்ட் ஆல்பீ. அவர்களுடைய அரங்குகளில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை புதிய குழுவினர் மேடையேறுவர். அரங்க மேலாளர் ஓரிடத்தில் அமர்ந்து ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பார்ப்பார். பெயர் இன்னது, எத்தனை நிமிடம், மேடையில் எவ்வளவு ஆழம் வேண்டும், கைதட்டல் எப்படி, எந்தச் சொல்லை நீக்கச் சொன்னோம் என்றெல்லாம் சில வரிகளில் எழுதித் தலைமையிடத்துக்கு அனுப்புவார். அந்த வரிகள் பிற ஊர் மேலாளர்களின் கைக்கும் போகும். ஓர் ஊரில் எழுதிய ஒற்றை வரியால் அடுத்த ஊரில் ஒருவருடைய பிழைப்பு ஏறும் அல்லது இறங்கும். தம்மைப் பற்றி எழுதப்பட்டது இன்னதெனக் கலைஞர் அறியார். 1902 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வறிக்கைகள் இன்று அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இத்தகைய மதிப்பீட்டை முழுவதும் குற்றமென்று நாம் சொல்லவில்லை. தொழிலுக்குக் கணக்கு வேண்டும். திறமைக்கு அளவுகோலும் வேண்டும். ஆனால் கறுப்பினக் கலைஞரைப் பொறுத்தவரை, மேலாளர் பேனாவை எடுக்கும் முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. வெள்ளையர் அரங்குகளில் ஒரு மாலையில் ஒரு கறுப்பின நிகழ்ச்சிக்கு மேல் இடமளிப்பது அரிது. அதே மக்கள் பார்வையாளராக வந்தால், பல ஊர்களில் உச்சி மாடத்தில் மட்டுமே இடம். சில அரங்குகளில் அதுவும் இல்லை. பஹாமாத் தீவில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் தம் காலத்தின் ஈடற்ற நகைச்சுவைக் கலைஞர். இயல்பில் வெளிர்நிறம் கொண்ட அவர், மேடையேறும்போது தக்கையைக் கரித்து முகத்தில் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளையர் கற்பித்துக்கொண்ட கறுப்பனாகத் தோன்றினால்தான் கைதட்டல் கிடைக்கும். 1910இல் நியூயார்க்கின் புகழ்மிக்க சீக்ஃபெல்டு குழுவில் அவர் சேர்க்கப்பட்டபோது, உடன் நடிப்போர் சிலர் வெளியேறுவோம் என்று மிரட்டினர். தெருவில் பறையைத் தீண்டத்தகாதது என்று தள்ளிவைத்துவிட்டு, சாவு வீட்டில் அதன் முழக்கம் குறைந்தால் சினந்துகொண்ட ஊரில் பிறந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவூட்ட விழைகிறோம். 1913ஆம் ஆண்டு, பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916 வரை அங்குப் பயின்றார். அப்பல்கலைக்கழகத்துக்கு அண்மையில், ஹார்லம் பகுதியின் 125ஆம் தெருவில், அதே ஆண்டுகளில் ஓர் அரங்கம் எழுந்தது. ஹர்டிக், சீமன் என்போர் அதனை நடத்தினர். வெள்ளையர்க்கு மட்டுமே அங்கு இடம். அண்ணல் அந்தத் தெருவில் நடந்தாரா என்பதன்று நம் கவலை. உரிமை நாட்டின் பெருநகரில், அவர் படித்த நூலகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், நிறத்தைப் பார்த்து நுழைவுச்சீட்டு விற்கும் வாயில் ஒன்று இருந்தது என்பதே நாம் குறிக்க விரும்புவது.

அந்த ஆண்டுகளிலேயே ஹார்லத்தில் மாற்றமும் தொடங்கியிருந்தது. தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி வந்த கறுப்பின மக்கள் அங்கே பெருகினர். ஏழாம் அவென்யூவிலிருந்த லஃபாயெட் அரங்கம் 1913 அளவில் அவர்களைக் கீழ்த்தளத்திலும் அமர அனுமதித்தது. அதன் அருகே நின்ற மரமொன்றைத் தொட்டால் வேலை கிடைக்கும் என்று கலைஞர்கள் நம்பினர். 'நம்பிக்கை மரம்' என்றே அதற்குப் பெயர். தெற்கிலும் நடுமேற்கிலும் கறுப்பினப் பார்வையாளருக்கான அரங்குகளை இணைத்து 1920 வாக்கில் ஒரு சங்கம் எழுந்தது. உரிமையாளர் பெரும்பாலோர் வெள்ளையர், ஊதியமோ சொற்பம். அச்சங்கத்தின் பெயரெழுத்துகளையே விரித்து, 'கறுப்புக் கலைஞருக்குக் கடுமை' என்று பொருள்பட அவர்கள் கேலி செய்தனர்.

1929இன் பொருளாதார வீழ்ச்சி எல்லாவற்றையும் உலுக்கியது. 125ஆம் தெருவின் பழைய அரங்கமும் கைமாறி, 1934 ஜனவரி 26ஆம் நாள் 'அப்பல்லோ' என்ற பெயரில் அனைவருக்கும் திறந்தது. அதே ஆண்டு, அதே தெருவில், 'வேலை தராத கடையில் வாங்காதீர்' என்னும் மறியல் நடந்தது. புளூம்ஸ்டைன் என்ற பெருங்கடை பணிந்து, கறுப்பினப் பெண்களை விற்பனைப் பணிக்கு அமர்த்த இசைந்தது. இவ்விரண்டையும் நாம் சேர்த்தே காண்கிறோம்.

புதன்கிழமை இரவுகளில் அங்குப் புதுமுகங்களின் போட்டி நடந்தது. ரால்ஃப் கூப்பர் என்னும் கறுப்பினக் கலைஞர் அதனை முன்னின்று நடத்தினார். போட்டி புதியதன்று. நியூயார்க்கின் பவரி பகுதியில் முன்பே இத்தகைய இரவுகள் நடந்ததுண்டு. தேறாதவரைத் துறட்டி போன்ற நீண்ட கோலால் மேடையிலிருந்து இழுத்துவிடுவர். அப்பல்லோவில் புதியது, தீர்ப்பு யாருடையது என்பதே. இங்கே தீர்ப்பு பார்வையாளருடையது. கீழ்த்தளத்தைவிட உச்சி மாடத்தின் குரலே ஓங்கி ஒலிக்கும். மலிவான சீட்டு வாங்கி அங்கு நெருக்கியடித்து அமர்ந்தோர், 'கழுகுக்கூடு' என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். பாட்டு பிடிக்காவிட்டால் கூச்சல் கிளம்பும், ஊதுசங்கு அலறும், கோமாளி உடையில் ஒருவர் ஓடிவந்து போட்டியாளரைத் துரத்திவிடுவார். தேறியவர் இறுதியில் வரிசையாக நிற்பர். நடத்துநர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கையைப் பிடிப்பார். எவர் தலைமேல் கை நிற்கும்போது கைதட்டல் மிகுமோ, அவரே வென்றவர். சாலை விரிவுக்காக அவ்வாண்டு வெட்டப்பட்ட நம்பிக்கை மரத்தின் அடித்துண்டு அரங்கிற்குக் கொண்டுவரப்பட்டது. போட்டியாளர் அதனைத் தடவிவிட்டே பாடத் தொடங்குவர்.

உச்சி மாடத்தில் ஒதுக்கப்பட்டிருந்தோர் அங்கிருந்தே தீர்ப்பளித்தனர். இதனைக் கேட்டு மகிழும் இளைஞர், 1934 நவம்பர் 21ஆம் நாள் இரவில் நடந்ததையும் கேட்க வேண்டும். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பதினேழு வயதுப் பெண் அன்று மேடையேறினாள். தாயை இழந்தவள், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்து, நிலையான வீடின்றி அலைந்தவள். ஆடுவதற்கென்றே வந்தாள். அவளுக்கு முன் எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடிய ஆட்டத்தைக் கண்டு கால்கள் தளர்ந்து, அந்நேரத்தில் மனம் மாறிப் பாடினாள். அரங்கம் முதற்பரிசை அளித்தது: 25 டாலர். வென்றவருக்கு ஒரு வார காலம் அங்கேயே பாடும் வாய்ப்பும் உரியது. அது அவளுக்குத் தரப்படவில்லை. கசங்கிய உடையும் வாராத தலையுமே காரணம் என்று சொல்லப்படுகிறது.

குரலுக்குத் தீர்ப்பளித்தது கழுகுக்கூடு. உடைக்குத் தீர்ப்பளித்தது அலுவலக அறை. முதலாவது ஊரறிய நடந்தது. இரண்டாவது கதவுக்குப் பின்னே நடந்தது. அவள் 1935 தொடக்கத்தில் ஹார்லம் ஆபரா ஹவுஸில் மீண்டும் போட்டியிட்டு வென்று, அங்கே அந்த ஒரு வாரத்தைப் பெற்றாள். பின்னர் இசைக்குழுத் தலைவர் சிக் வெப் அவளைத் தயக்கத்தோடுதான் ஏற்றார். அவள் தோற்றமே அவருக்கும் உறுத்தியது. உலகப் பாடகியாக அவர் உயர்ந்த கதை பலரும் அறிந்தது.

1935இல் அப்பல்லோவின் நிர்வாகம் ஃபிராங்க் ஷிஃப்மன், லியோ பிரெக்கர் என்போர் கைக்கு வந்தது. ஷிஃப்மன் ஒவ்வொரு கலைஞருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். ஊதியம், வசூல், நிகழ்ச்சி நன்றா தீதா என்ற குறிப்பு யாவும் அதில் இருக்கும். கீத் அரங்குகளின் திங்கட்கிழமை அறிக்கையே இங்கு அட்டையாகத் திரும்பியது என்று நமக்குத் தோன்றுகிறது. புதன் இரவுக் கைதட்டல் புதியவருக்கு வாயிலைத் திறந்தது. 1942இல் சாரா வாஹன் அவ்வழியே வந்தார். மீண்டும் அழைக்கலாமா, என்ன ஊதியம் என்பவற்றை அட்டையே முடிவு செய்தது. அவ்வட்டைகள் இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக ஆவணங்களில் உள்ளன.

கைதட்டிய கூட்டத்தினரின் இனத்தைச் சேர்ந்த பெர்சி சட்டன் என்னும் வழக்கறிஞர், 1981இல் தம் குழுவினரோடு அக்கட்டடத்தை விலைக்கு வாங்கினார். மால்கம் எக்ஸுக்காக வாதாடியவர் அவர். வெள்ளையர்க்கு மட்டும் என்று திறந்த வாயிலின் சாவி அவர் கைக்கு வர ஏறத்தாழ 67 ஆண்டுகள் ஆயின.