வாயில்லாச் சாட்சி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு சாட்சி போதாவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு சாட்சியை வரவழைத்துக் கொள்ளலாம். விஞ்ஞானிக்கு அது கிடையாது. ஆயினும் ரிச்சர்ட் காரிங்டன் என்ற ஆங்கிலேயருக்குத் தாமாகவே வந்து சேர்ந்த சாட்சிகளை நினைத்தால், கதாசிரியனாகிய எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி. ரெட்ஹில் என்ற ஊரில் தம்முடைய சொந்த ஆராய்ச்சிக் கூடத்தில் காரிங்டன் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழச் செய்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைப் படம் வரைந்து கொண்டிருந்தார். காலை 11 மணி 18 நிமிஷம். பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்றின் மேல் இரண்டு வெள்ளொளித் திட்டுக்கள் பளிச்சிட்டன. யாரையாவது அழைத்துக் காட்ட வேண்டுமென்று ஓடினார். ஒரு நிமிஷத்துக்குள் திரும்பி வந்து பார்த்தால், ஒளி மங்கத் தொடங்கியிருந்தது! ஐந்தாவது நிமிஷத்தில் அதுவும் மறைந்துவிட்டது. நல்லவேளையாக, ஹைகேட்டிலிருந்து ஹாட்ஜ்ஸன் என்பவரும் அதைப் பார்த்திருந்தார்.

மூன்றாவது சாட்சிக்கு வாயில்லை. க்யூ ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு காந்தம் தொங்கிக் கொண்டிருந்தது. அதன் அசைவை ஓர் ஒளிக்கதிர் புகைப்படக் காகிதத்தில் கோடாக எழுதிவந்தது. அதே வேளையில் அந்தக் கோடு சின்னஞ்சிறு கொக்கி போட்டு வளைந்திருந்தது.

சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பெரும் காந்தப் புயல் வீசிற்று. அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லண்டு தந்தி ஊழியர்கள் பாட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானே ஓடிய மின்சாரத்தைக் கொண்டே பேசிக்கொண்டார்கள். இத்தனை அமர்க்களத்தில் கொக்கியை யார் நினைப்பார்கள்?

க்யூ கூடத்தின் தலைவராயிருந்த பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-இல் ஒரு கருத்தை வெளியிட்டார்: உயர்ந்த ஆகாயத்தில் மின்சாரம் ஓடுகிறது, அதுதான் நாள்தோறும் காந்த ஊசியைச் சிறிது அசைக்கிறது என்றார். ஆனால் 1892-இல் கெல்வின் பிரபு ஒரு கணக்குப் போட்டார். எட்டு மணி நேரக் காந்தப் புயலைச் சூரியன் உண்டாக்குவதென்றால், நாலு மாதத்து வெயிலுக்கு ஆகும் சக்தியை அதற்கே செலவிட வேண்டுமாம்! ஆகவே சூரியனுக்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை என்றார். பெரியவர் சொன்னால் மறுபேச்சு ஏது?

கணக்கில் பிழையில்லை, சூரியனே காந்தமாயிருந்து எல்லாத் திசையிலும் ஊசிகளை இழுக்கிறது என்று வைத்துக் கொண்டதுதான் பிழை. உண்மையில் புயலைக் கொண்டுவருவது சூரியனிலிருந்து ஒரு திசையில் புறப்பட்டு வரும் மின்துகள் மேகம். கொக்கியின் சங்கதி இன்னும் நூதனமானது. பூமிக்கு மேலே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று இருக்கிறது. அங்கே வீசும் காற்று பூமியின் காந்தப் புலத்தைக் கடக்கும்போது, டைனமோவில் போல மின்சாரம் பிறக்கிறது. சூரியனில் சுடர் வெடித்தால் எக்ஸ் கதிர்களும் புற ஊதாக் கதிர்களும் எட்டு நிமிஷத்துக்குச் சற்று மேலான நேரத்தில் வந்து, அந்தக் காற்றில் மின்சாரம் ஓடும் வழியை அகலமாக்கி விடுகின்றன. ஓட்டம் பெருகுகிறது, ஊசி துள்ளுகிறது. பகல் உள்ள பாதியில்தான் இந்தத் துள்ளல்; இரவில் உறங்குகிறவர்களுக்கு இல்லை.

நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. காந்த நடுக்கோட்டின் மேலே பகலில் அந்த மின்னோட்டம் ஓர் ஆறு போலப் பெருக்கெடுத்து ஓடுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா அந்தக் கோட்டுக்கருகில் இருந்ததால்தான், 1963 நவம்பர் 21-ஆம் தேதி நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பிற்று.

அந்தக் கொக்கிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'க்ரோஷே'. நம் வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னுகிறார்களே, அதேதான். காரிங்டன் 1875-இல் காலமானார். எக்ஸ் கதிரை மனிதர்கள் கண்டுபிடித்தது 1895-இல். பெயர்கூட இல்லாத அந்த விருந்தாளியிடம், முப்பத்தாறு வருஷம் முன்னதாகவே, க்யூவின் காகிதம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது.