மனுவைப் படிப்பது யார்?

போன மாதம் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர் மனு கொடுத்தார். தாத்தா காலத்தில் ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது, ஒரகடத்தில் கம்பெனிகள் வந்து மனை விலை ஏறியதும் யார் வேலி போட்டார்கள், கேட்கப் போனபோது எந்த வார்த்தையால் திட்டினார்கள் என்று நான்கு பக்கம். பதிலுக்கு வந்த குறுஞ்செய்தியில் மனுவின் வகை: 'பட்டா தொடர்பானது'.

"சாதியைச் சொல்லித் திட்டினாங்கன்னு எழுதினேனே தம்பி, அது எங்க போச்சு?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்தக் கேள்விக்கு நம் மண்ணில் 130 வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

வாலாஜாபாத் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. மிராசுதார்களின் கோட்டை. சேரியில் ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து போட்டால், மிராசுதார் தனக்கே முன்னுரிமை என்று சொல்லித் தடுத்துவிடலாம். காகிதத்தில் அது வெறும் 'விண்ணப்பம் நிராகரிப்பு'. குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது; எதிர்த்தால் வெளியேற்றம். அது இன்னொரு கோப்பு. கடனுக்காகத் தலைமுறையாக அடிமை வேலை, அது கோப்பிலேயே ஏறாது.

1891இல் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' செய்த பெரிய வேலை, இந்த மூன்றையும் சேர்த்துப் படித்ததுதான். தனித்தனிக் குறை என்று கிடந்தவை சாதி என்ற ஒரே நூலில் கோத்துக்கொண்டன. வருவாய் வாரியம் அவருடைய வாதங்கள் பலவற்றை ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் அதன் வழி பிறந்தது. (வெள்ளைக்காரரைப் புகழ இதைச் சொல்லவில்லை. சேரி மக்கள் முன்பே முறையிட்டிருக்காவிட்டால் அவருக்குப் படிக்க என்ன இருந்திருக்கும்?)

அந்த நிலத்தை மீட்கத்தான் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அரசின் ஏட்டில் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. நமக்கு அது நிலப் போராட்டம்.

இப்போது அந்த ஏட்டைப் பிரிக்கும் வேலைக்கு இயந்திரம் வருகிறது. ஒன்றிய அரசின் குறைதீர்ப்புத் தளத்துக்காக கான்பூர் ஐஐடி செய்த செயற்கை நுண்ணறிவுப் பலகையை 2023 செப்டம்பர் 29இல் தொடங்கிவைத்தார்கள். எந்தத் துறையில், எந்த மாவட்டத்தில் எத்தனை மனு என்று நொடியில் காட்டும். லட்சக்கணக்கான மனுக்களைக் கையால் படிக்க முடியாது என்பது உண்மைதான். இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இப்படிப்பட்ட இயந்திரம் பொதுவாக எப்படிக் கற்கிறது? குமாஸ்தாக்கள் முன்பு வகை பிரித்து வைத்த பழைய மனுக்களைப் பார்த்து. அவர்கள் 'பட்டா' என்று போட்டதை இதுவும் 'பட்டா' என்று போடும். "காலனிக்கு மட்டும் தண்ணி வரல" என்று எழுதினால் 'குடிநீர்' என்று வைக்கும். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் நம் குறையே இருக்கிறது என்று அதற்கு யார் சொல்லித்தந்தார்கள்? இன்னொன்று, அது எண்ணிக்கையைப் பார்க்கும். ஊருக்குப் பத்து வீடு இருக்கும் சேரியின் குரல், ஆயிரம் தெருவிளக்குப் புகாருக்குக் கீழே போய்விடும். டிரமென்ஹீர் சேர்த்துப் படித்ததை இது மறுபடி மூன்று கோப்பாகப் பிரித்துவிடும்.

வகைப் பட்டியலை யார் எழுதினார்கள், அதில் வன்கொடுமை என்ற வகை உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாணவர்கள் இதைச் செய்யுங்கள். மனுக்களின் நகலை நாமே ஊர்வாரியாகச் சேர்த்து, நம் வகையில் பிரித்தும் வைக்கலாம்.

அந்த அக்காவின் மனுவை இரண்டாக எழுதினோம். சர்வே எண்ணோடு நிலத்துக்கு ஒன்று. தலித்துக்கு ஒதுக்கிய நிலத்தை அபகரிப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3இன் கீழ் குற்றம் என்பதால், காவல் நிலையத்துக்கு இன்னொன்று. திட்டிய வார்த்தையை அதில் முதல் வரியிலேயே போடச் சொன்னார் அக்கா.