நறும்பிழி முதல் மெத்தனால் வரை



"சங்க காலத்திலேயே குடிச்சாங்களே சார், இப்ப மட்டும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. குடித்தார்கள், உண்மைதான். ஆனால் எதைக் குடித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. நம் தொண்டை நாட்டு மீனவர்கள்தான். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆறவைத்து, முளைதானிய மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் பிழிந்து எடுக்கிறார்கள். நறும்பிழி என்பது அதன் பெயர். சுட்ட மீனோடு அதை விருந்தாக வைக்கிறார்கள்.

இப்படித் தானாகப் புளிக்கும் பானத்தில் ஆல்கஹால் ஓரளவுக்கு மேல் ஏறாது. அளவு கூடினால் நொதியே செத்துவிடும். பனங்கள்ளில் சுமார் 5 சதவீதம்தான் இருக்கும். காய்ச்சி வடிக்கும் முறை பரவிய பிறகு கணக்கு மாறியது. இன்று கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம்.

நம் கல்லீரல் மட்டும் அன்றுபோலத்தான் வேலை செய்கிறது. மணிக்கு ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அதனால் சிதைக்க முடியும். 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லியில் சுமார் 60 கிராம் இருக்கிறது. ஆக, ஒரு குவார்ட்டர் வெளியேற ஆறு மணி நேரமாவது ஆகும். மோர் குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த நேரம் குறையாது.

அதுவரை ரத்தத்தில் ஓடும் ஆல்கஹால் மூளையைத் தொடுகிறது. முதலில் தளர்வது, எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று நம்மைக் கட்டுப்படுத்தும் முன்மூளை. சாதுவானவர் சத்தம் போடுவதும், கை நீட்டுவதும் அதனால்தான். அடுத்து சிறுமூளை: நடை தள்ளாடும், வண்டியின் பிரேக்கில் கால் தாமதமாக விழும். அளவு மிஞ்சினால் மூச்சை நடத்தும் மூளைத்தண்டே அடங்கிவிடும்.

அரசுகளும் இதோடு போராடித்தான் வந்திருக்கின்றன. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் கடைகள் திறந்தன, 1974-க்குள் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், விலை குறைந்த கள்ளச் சரக்கைத் தேடிப் போகும் ஏழைகள் மட்டும் மாறவில்லை.

அதன் விலையை 2023 மே மாதம் நம் கரையே கொடுத்தது. முட்டுக்காட்டிலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் வரும் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், நம் மாவட்டத்தின் சித்தாமூர் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ அடையாளம் காண முடியாது. சாதாரண ஆல்கஹாலைச் சிதைக்கும் அதே கல்லீரல் நொதிதான் இதையும் சிதைக்கிறது. ஆனால் விளைவது ஃபார்மிக் அமிலம். அது பார்வை நரம்பை அழிக்கிறது, ரத்தத்தை அமிலமாக்குகிறது. காக்கும் உறுப்பே விஷத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது! அதற்கு நேரம் பிடிப்பதால், குடித்தவர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள்தான் "கண் மங்குது, வயிறு வலிக்குது" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் "போதை தெளியல" என்று படுக்க வைத்துவிடுவார்கள். உயிர் போவது அந்தச் சில மணி நேரத்தில்தான்.

பிள்ளைகளே, உங்களில் பலர் கடலோரக் குப்பங்களில் இருக்கிறீர்கள். குடித்தவர் யாராவது மறுநாள் பார்வை மங்குகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்தோ, மானம் போகுமென்றோ "வயிற்றுப்போக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நொதியைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. நீண்ட நாள் குடித்தவரைத் திட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்தட்டும்.

குடிக்காதே என்று சொல்வது ஆசிரியரின் கடமை, வகுப்பில் சொல்லியாகிவிட்டது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்பதை இப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
முட்டுக்காடு